சிரிப்பு விழுந்த இடம்

பழைய கேசட்டையும் இசைத்தட்டையும் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் எங்கள் தொழிலில், வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இரைச்சல் இல்லாமல் வேண்டும். கேட்பதில் தப்பில்லை. வருடக்கணக்காகப் பரணில் கிடந்த நாடாவில் 'உஸ்' என்ற சத்தம் இருக்கும், ஜெனரேட்டர் உறுமல் இருக்கும், மைக்கைத் தட்டிப் பார்த்த 'டொக் டொக்' இருக்கும். சினிமாப் பாட்டு என்றால் இதையெல்லாம் கழித்துவிட்டுப் பாட்டை மட்டும் கொடுப்பதுதான் வேலை. ஸ்பெஷல் நாடகத்துப் பபூன் காமிக்கோ பட்டிமன்றமோ வந்தால் கணக்கே வேறு. அங்கே இரைச்சல் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு கூட்டத்தின் சத்தம்: சிரிப்பு, விசில், 'ஏய் உட்காருய்யா', தூக்கம் கலைந்த குழந்தையின் அழுகை. இதைக் கழிக்கக் கூடாது என்பது என் கட்சி. ரசனைக்காகவோ பழமைப் பாசத்துக்காகவோ சொல்லவில்லை. எழுதி வைக்காமல், மேடையில் நின்றபடி எடுத்துவிடுகிற நகைச்சுவைக்குக் கூட்டம் பாதி ஆசிரியர். அந்தப் பாதியை வெட்டிவிட்டு மீதியை 'சுத்தமான பதிவு' என்று கொடுப்பது பொய்ப் பத்திரம் எழுதுவது மாதிரி. இசைத்தட்டின் வரலாற்றையே இதற்குச் சாட்சியாகக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

மதுரை கோரிப்பாளையத்திலிருந்து பார்த்தால் இந்த வழக்கு கொஞ்சம் தெளிவாகத் தெரியும். 1889-ல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வடகரை இது. பாலத்தைத் தாண்டி சிம்மக்கல் வழியாக ஊருக்குள் போனால் சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர் சங்கம். இந்தப் பக்கம் அமெரிக்கன் கல்லூரி. அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையாதான் பட்டிமன்றத்தை வீட்டுக்கூடம் வரை கொண்டுபோனவர். தமிழில் தயாரிக்காமல் பேசிச் சிரிக்க வைக்கும் கலைக்கு இருக்கும் இரண்டு பெரிய வீடுகள், ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒன்றும் இந்தக் கரையில் ஒன்றுமாக நிற்கின்றன. ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அதற்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்த்ரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறு ஊர், டான்ஸ் வேறு ஊர். தனித்தனியாகத் தேதி கொடுத்து, திருவிழா நடக்கும் கிராமத்தில் இரவு பத்து மணிக்கு மேடையில்தான் சேருகிறார்கள். விடிகிற வரை நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்கள் பொதுச்சொத்தாக எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் இப்படி ஓட்ட முடிகிறது. பாட்டு சுவாமிகளுடையது. இடையில் வருகிற தர்க்கமும், முதலில் வருகிற பபூன்–டான்ஸ் காமிக்கும் அந்தந்த இரவின் கைச்சரக்கு.

சுவாமிகளுக்கே இந்தக் கைச்சரக்கின் மேல் முழு நம்பிக்கை இருந்த மாதிரித் தெரியவில்லை. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற பாலர் நாடகசபையை அவர் தொடங்கினார். பையன்களை வைத்து, எழுதியதை எழுதியபடி பேச வைப்பது அந்த சபைகளின் ஒழுங்கு. ஆக, எழுத்துக்கும் எடுத்துவிடுதலுக்கும் நடக்கிற இழுபறி கிராமபோன் இந்த ஊருக்குள் வேரூன்றும் முன்பே தொடங்கிவிட்டது. கிராமபோன் வந்து, எழுத்தின் பக்கம் தராசைச் சாய்த்தது.

எப்படிச் சாய்த்தது என்பதற்கு நிமிடக் கணக்குப் பார்க்க வேண்டும். பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றினால் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் பிடிக்கும். பன்னிரண்டு அங்குலத் தட்டில் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். மெழுகில் நேராக வெட்டிப் பதிவு செய்த காலத்தில் திருத்தம் என்ற பேச்சே கிடையாது. நாக்குத் தடுமாறினால் அந்த மெழுகு வீண், இன்னொன்று எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1902-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் இசைத்தட்டுப் பதிவுகள் நடந்தபோது, பாடகி கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லுவார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருக்கிற ஆளுக்கு இது யார் பாடியது என்று தெரிய வேண்டும். பாடகியின் முன்னால் இருந்தது ஒரு கூம்பும், கடல் தாண்டி இருந்த ஒரு தொழிற்சாலையும்தான். 1908-ல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சடிக்கும் ஆலை வந்த பிறகும் பதிவு நடக்கும் அறையில் கூட்டத்துக்கு இடம் கிடைக்கவில்லை. 'ம்ம்' கொட்ட ஆள் இல்லாத அறையில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தப்பே விடாமல் பேச வேண்டும். பபூனை இதைவிட வசதியாகக் கட்டிப்போட ஒரு கருவியைத் திட்டம் போட்டுக்கூடச் செய்திருக்க முடியாது.

'ஆல்பம்' என்ற சொல்லும் இந்த மூன்று நிமிடத்திலிருந்து பிறந்ததுதான். நமக்கு ஆல்பம் என்றால் கல்யாணப் போட்டோதான் முதலில் நினைவுக்கு வரும். அந்த நினைவு வழிதவறியதும் அல்ல. ஒரு தட்டில் அடங்காத இசையை நாலைந்து தட்டுகளில் பிரித்துப் பதிந்து, ஒவ்வொன்றையும் ஒரு காகிதப் பையில் போட்டு, பைகளைப் புத்தகம்போல் தைத்து அட்டை போட்டு விற்றார்கள். புரட்டிப் பார்க்கிற புகைப்பட ஆல்பத்தின் சாயல் இருந்ததால் அந்தப் பெயர். 1909-ல் ஓடியன் கம்பெனி சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' இசையை இருபக்கமும் பதிந்த நாலு தட்டுகளாக ஒரே கட்டில் வெளியிட்டதை இதற்கு ஆரம்பமாகச் சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு 'செட்' என்று பெயர். கோவலன் செட், வள்ளி திருமணம் செட் என்று நாடகங்கள் தட்டுத் தட்டாக வந்தன. ஆறு தட்டு, பன்னிரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டால் முப்பத்தாறு நிமிடம். மேடையில் எட்டு மணி நேரம் ஓடுகிற இரவிலிருந்து முப்பத்தாறு நிமிடத்தை எடுக்கச் சொன்னால் எவன் என்ன எடுப்பான்? பாட்டைத்தான் எடுப்பான். பாட்டுக்கு அளவு உண்டு, விலையும் உண்டு. நாடக மேடைப் பாடகர் கிட்டப்பாவின் குரலைக் கேட்கக் காசு கொடுக்க ஆள் இருந்தார்கள். தர்க்கம் நாலு வரியாகச் சுருங்கியது. பபூனுக்குக் கிடைத்தால் ஒரு பக்கம் கிடைக்கும், அதிலும் ஒரு பாட்டைச் சுற்றி நாலு வார்த்தை.

அதற்காக 78 சுற்றுத் தட்டில் சிரிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய முறையைக் கவனியுங்கள். கலைவாணரின் கிந்தனார் கதையை எடுத்துக்கொண்டால், உடுமலை நாராயணகவியின் பாட்டோடு 'நல்லதம்பி' (1949) படத்தில் வருவது, அது காலட்சேப வடிவம். நந்தனார் சரித்திரத்தின் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்ட கதை. பாட்டு, வசனம், பாட்டு என்று ஏற்கெனவே அளவெடுத்துத் தைத்த உடை. கிருஷ்ணன் அந்த உடைக்குள் எவ்வளவு விளையாடினாலும் தையல் பிரியாது. பதிவுக்கு உகந்த நகைச்சுவை என்பது அந்தக் காலத்தில் பாட்டாகவோ பாட்டின் நிழலாகவோ இருந்ததற்குக் காரணம் அவருடைய குணம் அல்ல, கருவியின் குணம். அமெரிக்காவில் 1922-ல் ஓகே கம்பெனி ஒரு தட்டு வெளியிட்டது. ஒருவர் சோகமாகக் கார்னெட் என்ற ஊதுகருவியை வாசிக்கிறார், தடுமாறுகிறார், ஒரு பெண் சிரிக்கிறாள், பிறகு இருவரும் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் தட்டு. நகைச்சுவையாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. பெரும் விற்பனை. கூட்டத்தை உள்ளே விடாத அறைக்குள், கூட்டத்தின் வேலையைச் செய்ய ஒரு பெண்ணைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். இல்லாததின் அருமை கம்பெனிக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது.

1948-ல் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்று எல்.பி. தட்டைக் கொண்டுவந்தபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. தைத்த புத்தகம் தேவையில்லாமல் போய், ஒரே தட்டு ஆல்பமாயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் காந்த நாடா பதிவுக்கு வந்ததால், மெழுகுத் தட்டை வைத்துக்கொண்டு அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. கருவியைக் கூட்டத்துக்குத் தூக்கிப் போகலாம், பிறகு வெட்டி ஒட்டலாம். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் மேல்நாட்டிலும் பேச்சு நகைச்சுவை ஆல்பமாக மாறியது. பாப் நியூஹார்ட் என்ற முன்னாள் கணக்கர் 1960-ல் ஹூஸ்டன் நகரத்தில் ஒரு இரவு விடுதியில் பேசியதைப் பதிந்த தட்டு, விற்பனைப் பட்டியலில் முதல் இடத்துக்கு வந்து, அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி பரிசையும் வாங்கியது. அவர் செய்தது டெலிபோனில் ஒரு முனை மட்டும் பேசுவது. மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பதைக் கூட்டம் ஊகித்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் ஒரு மனிதன் காரணமில்லாமல் நிறுத்தி நிறுத்திப் பேசுவதுதான் மிஞ்சும். அதே ஆண்டு மெல் புரூக்ஸும் கார்ல் ரெய்னரும் இரண்டாயிரம் வயதுக் கிழவனைப் பேட்டி காணும் தட்டு. ரெய்னர் கேள்வி கேட்பார், புரூக்ஸ் வாய்க்கு வந்ததைப் பதிலாகச் சொல்வார், எழுத்து எதுவும் கிடையாது. ஸ்டுடியோவில்தான் பதிந்தார்கள், ஆனால் விருந்தாளிகளை அழைத்து வந்து உட்கார வைத்துக்கொண்டு. நிறையப் பேசி, அதிலிருந்து ஒரு தட்டுக்கு வேண்டியதை வெட்டி எடுத்தார்கள். வெளியிட்டது வேர்ல்ட் பசிபிக் கம்பெனி, அதாவது ரவிசங்கரின் சிதாரை அமெரிக்கர்களுக்கு விற்ற அதே கடை. ஆலாபனையையும் அரட்டையையும் ஒரே கம்பெனி பதிந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை; இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான், போகிற போக்கில் போக விடுகிற நேரம்.

நம் பக்கம் எல்.பி.யால் வந்தது வேறு. 78 தட்டே இந்தியாவில் வெகுநாள் நீடித்தது. பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட இங்கே 78 சுற்றில் அச்சடித்து விற்றார்கள். எல்.பி. பரவியபோது பேச்சுக்கென்று கிடைத்த இடத்தைச் சினிமா கதை-வசனம் பிடித்துக்கொண்டது. இங்கேதான் என் கட்சிக்கு வருகிற பெரிய தடை உரை. 'திருவிளையாடல்' (1965) தட்டில் நாகேஷ் நடித்த தருமி என்ற ஏழைப் புலவர் இருக்கிறார். நாகேஷ் அந்தக் காட்சியில் தன் போக்கில் சேர்த்தது நிறைய என்பது அவரே சொன்னது. கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்புகிற பகுதி அவருடைய கைச்சரக்கு என்பது ஊரறிந்தது. அங்கே கூட்டம் இல்லை, சிரிப்பு இல்லை, படத்தளத்தில் யாரும் சிரித்தால் அந்த 'டேக்' வீண். அப்படியிருந்தும் சித்திரைத் திருவிழாவிலிருந்து மாரியம்மன் பொங்கல் வரை குழாய் ரேடியோவில் அந்தத் தட்டு போட்டால் இன்றும் நின்று கேட்கிறார்கள். எடுத்துவிடுகிற நகைச்சுவைக்குக் கூட்டம் வேண்டும் என்பது எங்கே போயிற்று?

இந்தத் தடையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தருமி என்ன செய்கிறார் என்று காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தானே தன்னைத் திட்டிக்கொள்கிறார். பபூன் கூட்டத்திடம் வாங்குகிற பதிலை, தருமி தன்னிடமே வாங்குகிறார். கூட்டம் இல்லாத இடத்தில் ஒரு ஆள் இரண்டாளாகப் பிரிந்து வேலை செய்கிறார். ஆகவேதான் அந்தக் காட்சி தட்டில் நின்றது. மற்றப் படங்களில் நடிகர்கள் போகிற போக்கில் சேர்த்த பல வசனங்கள் தட்டில் உப்புச்சப்பில்லாமல் போனதை, கதை-வசனத் தட்டுகளை மாற்றிக் கொடுக்கிறவர்கள் யாரும் அறிவார்கள். எதிர்ப்பக்கம், ஏ.வீரப்பன் எழுதிய 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சி. ஒரு வார்த்தைகூட இடம் மாறக் கூடாத அளவுக்குக் கட்டிய எழுத்து. அதற்குக் கூட்டத்தின் சத்தம் தேவையே இல்லை, இருந்தால் இடைஞ்சல். எழுதிய நகைச்சுவைக்கு ஒரு நியாயம், எடுத்துவிட்டதற்கு வேறு நியாயம் என்பதுதான் நான் சொல்வது. கதை-வசனத் தட்டின் வெற்றி முதல் நியாயத்தைத்தான் காட்டுகிறது. தருமி அதில் ஒரு விதிவிலக்கு, அவர் மதுரைக்காரர் என்பதில் நமக்கு ஒரு சந்தோஷம்.

இரண்டாவது நியாயத்துக்குத் தமிழில் இடம் கொடுத்தது கேசட். பிலிப்ஸ் அதை அறிமுகம் செய்தது 1963-ல். நம் தெருக்களில் அது ஆட்சி செய்தது எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும். நொடிக்கு 4.75 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்கிற அந்த மெல்லிய நாடாவில் அறுபது நிமிடம், தொண்ணூறு நிமிடம். இதைவிட முக்கியம், பதிவு செய்ய கம்பெனி தேவையில்லை. இங்கே வரலாறு எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிற ஓர் ஆள் வருகிறார்: மைக்செட்காரர். சவுண்டு சர்வீஸ் என்று பலகை மாட்டி, குழாய், ஆம்ப்ளிஃபயர், டியூப்லைட், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே ஒரு டெக் இருக்கும், நாடகம் தொடங்குமுன் பாட்டுப் போட. அதில் வெற்றுக் கேசட்டைப் போட்டு ஒயர் ஒன்றைத் திருப்பிச் செருகினால் பதிவு தயார். ஸ்பெஷல் நாடகத்தின் எடுத்துவிட்ட பேச்சு இன்று கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறது என்றால், எந்த ஆவணக் காப்பகமும் கேட்காமலே அவர்கள் செருகிய ஒயரால். எங்களைப் போன்ற ரெக்கார்டிங் கடைகள் அதைப் பிரதி எடுத்தன. உரிமைச் சட்டப்படி பார்த்தால் நாங்கள் செய்ததில் பாதி தப்பு. சினிமாப் பாட்டை வெற்றுக் கேசட்டில் அடித்துக் கொடுத்ததெல்லாம் அதில் சேரும். திண்டுக்கல் ஐ.லியோனியின் பட்டிமன்றக் கேசட்டுகள் டீக்கடை, பஸ், பந்தல் எல்லாம் ஓடியபோது கம்பெனிக்காரர்களுக்கும் விஷயம் புரிந்தது: பேச்சு விற்கும், கூட்டத்தோடு சேர்த்துத்தான் விற்கும். பழைய பாட்டா புதிய பாட்டா என்று வாதம் செய்து அவர் நாலு வரி பாடிக் காட்டும்போது எழுகிற ஆரவாரத்தைக் குறைத்து எந்தக் கம்பெனியும் கேசட் போடவில்லை. ஆனால் யாரும் அதை ஆல்பம் என்று சொல்லவில்லை. சாமிப் பாட்டு பத்தைச் சேர்த்தால் ஆல்பம். ஒரே இரவில், ஒரே கூட்டத்தின் முன், ஆரம்பம் முதல் முடிவு வரை நடந்த ஒன்றைப் பதிந்தால் வெறும் கேசட். சொல்லின் நியாயம் அப்படி.

இனி நாடாவுக்குள் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நாடகக் கேசட்டில் இரண்டு சாதி உண்டு. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் போட்டு எடுத்தது ஒன்று. கூட்டத்தில் உட்கார்ந்து டேப்ரெக்கார்டரை மடியில் வைத்து எடுத்தது இன்னொன்று. முதல் வகையில் பபூன் குரல் தெளிவு, கூட்டம் தூரத்தில் மழை பெய்கிற மாதிரி மட்டும். இரண்டாவதில் கூட்டம் தெளிவு, பபூன் குழாய் வழியாக மூக்கால் பேசுவார். மடி டேப்ரெக்கார்டரில் சத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஒரு சுற்று உள்ளே இருக்கும். சத்தம் கூடினால் குறைக்கும், குறைந்தால் மெல்லக் கூட்டும். கூட்டம் 'ஓ'வென்று சிரிக்கும்போது அது பதிவைச் சட்டென்று அமுக்கிவிடும். சிரிப்பு அடங்கியதும் உடனே விடாது. இரண்டு மூன்று நொடியில் மெதுவாக ஏறும். அந்த ஏற்றத்தில் முதலில் ஜெனரேட்டர் கேட்கும், பிறகு சில்வண்டு, பிறகு பக்கத்தில் இருக்கிறவர் வெற்றிலை மெல்லுவது, அதன் பிறகு பபூனின் அடுத்த வார்த்தை. கணினித் திரையில் அலைவடிவமாகப் பார்த்தால் ஒவ்வொரு பெரிய சிரிப்புக்குப் பின்னும் ஒரு பள்ளமும் அதிலிருந்து சரிவாக ஏறும் மேடும் தெரியும். சிரிப்பை வெட்டி எடுத்தாலும் இந்தப் பள்ளம் போகாது. எலி தின்ற இடம் போல, இங்கே ஒன்று இருந்தது என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பள்ளங்களை வைத்தே பபூனின் தொழிலைப் படிக்க முடியும். சின்னச் சிரிப்புக்கு அவர் நிற்பதில்லை, மேலே பேசிக்கொண்டே போவார். பெரிய சிரிப்புக்கு நிற்பார்; அடங்க விடுவதில்லை, முக்கால்வாசி அடங்கும்போது, கூட்டத்தின் சத்தம் இறங்குகிற சரிவிலேயே அடுத்த வார்த்தையை வைப்பார். எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு விழவில்லை என்றால் ஹார்மோனியக்காரரிடம் திரும்புவார், 'என்ன பின்பாட்டு, நீங்களாச்சும் சிரிக்கக் கூடாதா' என்கிற தோரணையில் ஏதோ சொல்வார், விழாத சிரிப்பை அங்கே வசூலித்துக்கொள்வார். பேச்சை மட்டும் காகிதத்தில் எழுதினால் ஹார்மோனியக்காரரிடம் ஏன் திரும்பினார் என்பதற்குக் காரணமே இருக்காது. காரணம் கூட்டத்தின் மௌனத்தில் இருக்கிறது. அந்த மௌனத்தையும் இரைச்சல் என்று கழித்துவிடுகிற மென்பொருள்கள் இப்போது வந்திருக்கின்றன. பேச்சில்லாத இடங்களைத் தானே கண்டுபிடித்து நறுக்கிவிடும். எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து பூஞ்சை பிடித்த நாடாகூட இல்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பபூன் காமிக் எடுத்துவிட்டதே அல்ல, எல்லாம் பழைய சரக்கு என்பார்கள். தொண்ணூறுகளில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக்காரர்களோடு பழகி ஆராய்ந்த சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 2005-ல் வெளியிட்ட நூலைப் படித்தால் இந்த மறுப்புக்குத் தீனி கிடைக்கும். பபூன் தனியாக வந்து பேசுவது, டான்ஸ் வருவது, இருவரும் மோதிக்கொள்வது, வழக்காடுவது என்று காட்சிகளின் வரிசை இரவுக்கு இரவு பெரிதாக மாறுவதில்லை. கேசட்டுகளை அடுத்தடுத்துக் கேட்கிற எங்களுக்கும் இது தெரியும். ஒரே ஜோக் நாலு பபூன் வாயில் வரும். சரி, அதனால் என்ன? கச்சேரியில் ராகம் பழையது, கீர்த்தனை பழையது, நிரவலுக்கு எடுக்கிற வரிகூடப் பெரும்பாலும் பழையது; மனோதர்மம் இல்லை என்று யாராவது சொல்கிறோமா? எடுத்துவிடுவது என்றால் ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குவது என்ற எண்ணமே தவறு. பையில் ஐம்பது சரக்கு இருக்கிறது, இந்தக் கூட்டத்துக்கு இந்த நேரத்தில் எதை எடுப்பது, எவ்வளவு நீட்டுவது, எங்கே விட்டுவிடுவது என்பதில்தான் வித்தை. அந்தத் தேர்வு நடந்ததற்கு ஆதாரம் பேச்சில் இல்லை, பேச்சு எல்லோருக்கும் பொது. ஆதாரம் சிரிப்பில் இருக்கிறது. ஒரே ஜோக்கை இரண்டு கேசட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் ஒரு நிமிடம், இன்னொன்றில் மூன்று நிமிடம். வித்தியாசம் முழுக்கக் கூட்டம் கொடுத்த இடம். சரக்குப் பழையது என்ற மறுப்பு என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. பதிந்த கணத்திலேயே அது எடுத்துவிட்டதாக இல்லாமல் போகிறதே, இரண்டாம் தடவை கேட்கிறவனுக்கு எழுதியதும் எடுத்துவிட்டதும் ஒன்றுதானே? கேட்கிறவன் மனப்பாடம் செய்துகொள்கிறான் என்பது வாஸ்தவம். தருமிப் பேச்சையும் லியோனி பேச்சையும் வரி விடாமல் ஒப்பிக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆனால் ஒப்பிக்கிறவர்கள் லியோனி பேச்சில் எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனித்தால், கேசட்டில் கூட்டம் சிரித்த இடத்தில், அது சிரித்த அளவு நேரம் நிறுத்துகிறார்கள். கண்ணில் காணாத ஒரு கூட்டம் அவர்கள் மூச்சுக்குள் ஏறிவிட்டது. தருமியை ஒப்பிக்கும்போது அந்த நிறுத்தம் இல்லை. வார்த்தை இரண்டாம் தடவை பழசாகலாம். அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பு பழசாவதில்லை, அவர்களுக்கு அது ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான்.

சங்கடமான மறுப்பு ஒன்று பாக்கி. பபூன் காமிக்கில் பச்சையான பேச்சு உண்டு, மேடையில் நிற்கிற டான்ஸ் பெண்ணை வைத்துக் கூட்டம் சிரிக்கிற சிரிப்பும் உண்டு. அந்தக் கலைஞர்களின் பிள்ளைகள் இன்று படித்து வேலையில் இருக்கிறார்கள். அம்மாவின் குரல் வேண்டும், அந்த விசில் வேண்டாம் என்று அவர்கள் கேட்டால் எந்தத் தத்துவத்தைச் சொல்லி மறுப்பது? மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. நாடகக்காரர் என்ற பெயரோடு ஒட்டிவந்த இழிசொல்லைச் சுமந்தவர்கள் அவர்கள், நாங்கள் அல்ல. ஆனால் வீட்டுக்குப் போகிற பிரதியும் காப்புக்கு வைக்கிற பிரதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விசிலை எடுத்துவிட்ட பிரதியைக் கேட்டால், அந்தப் பெண் ஒரு வரியைச் சொல்லிவிட்டுக் காரணமின்றிக் குரலை உயர்த்துகிற மாதிரி இருக்கும். விசிலோடு கேட்டால் அவள் அந்த விசிலை மீறி, அதை வெட்டிப் பேசுகிறாள் என்பது தெரியும். கூட்டத்தை அழித்தால் அவளுடைய கெட்டிக்காரத்தனமும் சேர்ந்து அழிந்துபோகிறது.

இப்போது கைப்பேசியில் அறுபது நொடித் துண்டுகளாகக் காமெடி ஓடுகிறது. மூன்று நிமிடத் தட்டுக்கே திரும்பி வந்துவிட்டோம், இன்னும் இரண்டு நிமிடம் குறைத்துக்கொண்டு. துண்டுக்காரர்கள் பழைய பட்டிமன்றத்தையும் நாடகத்தையும் நறுக்கும்போது சிரிப்புத் தொடங்கும் இடத்தில் கத்தி வைக்கிறார்கள். எங்கிருந்தோ எடுத்த பொதுவான சிரிப்பு ஒன்றை அதன் மேல் ஒட்டுகிறார்கள். அரிசியில் கல் பொறுக்குகிறேன் என்று அரிசியைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கல்லுக்குச் சாயம் பூசுகிற வேலை.

தொழிலில் இருக்கிறவர்களுக்கு நடைமுறையாகச் சொல்வதானால் இவ்வளவுதான். கேசட்டைக் கையில் வாங்கியதும் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டி நாடாவைத் தளர்த்துங்கள். பேட் உதிர்ந்திருந்தால் மாற்றுங்கள். அந்தக் கேசட்டைப் பதிந்த டெக்கின் ஹெட் கோணத்துக்கு உங்கள் ஹெட்டை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிச் சரிசெய்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். பாதி மந்தம் அதிலேயே தெளிந்துவிடும், மென்பொருளுக்கு வேலை இருக்காது. முதல் பிரதியில் எதையும் தொடாதீர்கள், 'உஸ்' உட்பட. பக்கம் மாற்றியபோது விட்டுப்போன பத்து நொடியை ஒட்டவைத்து மறைக்காமல், இடைவெளியாகவே விடுங்கள். இரண்டாவது பிரதியில் 'உஸ்'ஸையும் ஜெனரேட்டரையும் குறைக்கலாம். சிரிப்பின் மேல் கை வைக்காதீர்கள். வாடிக்கையாளர் கேட்டால் மூன்றாவது பிரதி, அவர் கேட்டபடி. உறையின் மேல் எந்தப் பிரதி என்பதைத் தேதியோடு எழுதுங்கள், பேனாவால். ஸ்டிக்கர் இரண்டு கோடையில் உதிர்ந்துவிடும்.